கந்தசாமியும் கந்தீசாவும்

செய்யூரில் 'கந்த' என்று ஆரம்பிக்கும் எந்த வார்த்தைக்கும் ஒரே பொருள்தான் உண்டு. கடைத்தெருவில் நின்று, "கந்தா!" என்று ஒரு குரல் கொடுத்தால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். இதற்குக் காரணம் ஊருக்கு நடுவில் இருக்கும் கந்தசுவாமி கோயில். அருணகிரிநாதர் வந்து திருப்புகழ் பாடிய ஸ்தலம். 'சேய்' என்றால் முருகன்; சேயின் ஊர் சேயூர்; சேயூர் நாளடைவில் செய்யூர் ஆயிற்று என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் கோயிலில் 27 நட்சத்திரங்களுக்கும் 27 வேதாளங்கள் வேறு இருக்கின்றன. பரீட்சைக்கு முதல் நாள் என் மாணாக்கர்கள் தத்தம் ஜன்ம நட்சத்திரத்து வேதாளத்தைத் தேடிப் போய்ச் சிநேகம் பண்ணிக்கொள்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆசிரியன் என்ற முறையில் எனக்கு அதில் சிறிது மனத்தாங்கல் உண்டு.

ஆகையால் அன்று மத்தியான்னம் அந்தப் பையன் கேட்ட கேள்வியில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இடைவேளையில் நான் சரித்திரப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். அலுப்புத் தெரியாமலிருப்பதற்காகக் கைப்பேசியில் ஒரு பாட்டைத் தணிந்த குரலில் வைத்திருந்தேன். நோட்டுப் புத்தகங்களைச் சுமந்து கொண்டு வந்த பையன் அவற்றை மேஜைமேல் வைத்துவிட்டுப் போகாமல் நின்றான்.

"சார், இது நம்ம சாமி பாட்டா?"

"எந்தச் சாமி?"

"கந்தசாமி, சார். 'கந்தீசா'ன்னு கூப்பிடறாங்களே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. சுமார் கால் நூற்றாண்டுக்கு முன்னால் பட்டணத்தில் ஒரு ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து, பட்டதாரியாவதற்குப் படித்துக்கொண்டிருந்த நானும் இதே தப்பைத்தான் செய்தேன்.

'கந்தீசா' என்பது ஒரு பாட்டின் பெயர். அந்தப் பாட்டு அடங்கிய இசைத்தட்டுக்கும் அதுதான் பெயர். வெளிவந்த வருஷம் 2000. வெளியிட்டவர்கள் டைம்ஸ் மியூசிக் கம்பெனியார். பாடியவர்கள் 'இந்தியன் ஓஷன்' என்னும் டில்லி நகரத்து ராக் கோஷ்டியினர். டில்லியில் கடல் கிடையாது என்பதும், கடல் இருக்கும் எங்கள் ஊரில் ராக் கோஷ்டி கிடையாது என்பதும் பிரம்மாவின் விளையாட்டுகளில் சேர்ந்தவை.

ராக் என்றால் என்னவென்று வீட்டிலுள்ள பெரியவர்கள் கேட்கக்கூடும். அந்தச் சொல்லுக்கு அவர்கள் பாஷையில் பாறை என்றும் அர்த்தம், ஆட்டுவது என்றும் அர்த்தம். தொட்டிலை ஆட்டுவதற்கும் அதே சொல்தான். ஆனால் இந்தச் சங்கீதக்காரர்கள் ஆட்டும் தொட்டிலில் எந்தக் குழந்தையும் தூங்காது. மின்சாரத்தால் முழங்கும் கிதார், அடிவயிற்றில் வந்து மோதும் பேஸ் என்கிற தாழ்ந்த சுருதிக் கிதார், ஒரே ஆசாமி நாலைந்து முரசுகளையும் தாளத் தட்டுகளையும் சேர்த்து அடிக்கும் டிரம்ஸ் — இவை மூன்றும் இருந்தால் ராக் என்று வைத்துக்கொள்ளலாம். பாட்டுப் பாடுகிறவர் இருந்தால் நல்லது. அவர் பாடுவது காதில் விழுந்தால் இன்னும் நல்லது.

இந்தியன் ஓஷன் கோஷ்டியில் இவற்றோடு ஒரு விசேஷமும் உண்டு. நடுவில் ஒருவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டு தபலா வாசிப்பார்; வாசித்துக்கொண்டே பாடுவார். அவர் அஸீம் சக்ரவர்த்தி. கிதார் வாசித்தவர் சுஸ்மித் சென். இவர்கள் இருவரும் 1980களிலேயே சிநேகமாகி, 1990-ல் இந்தக் கோஷ்டியை உண்டாக்கினார்கள். பிறகு பேஸ் கிதார் வாசிக்க ராகுல் ராம் வந்தார். இவர் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அவ்வளவு படித்துவிட்டு நர்மதைக் கரைக்குப் போய் அணையால் நிலம் இழக்கும் குடியானவர்களோடு சேர்ந்து கோஷம் போட்டவர். 1994-ல் அமித் கிலாம் டிரம்ஸ் வாசிக்க வந்து சேர்ந்தார். இவர் 'கப்குபி' என்ற கிராமிய வாத்தியமும் வாசிப்பார். கையில் இடுக்கிக்கொண்டு தந்தியை இழுத்து மீட்டும் அந்த வாத்தியத்தை வங்காளத்துப் பாவுல் பாடகர்கள் கையில் காணலாம்.

இவர்களுடைய முதல் இசைத்தட்டு 1993-ல் வந்தது. அடுத்தது 'டெஸர்ட் ரெயின்'. அது 1997-ஆம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி டில்லியில் நாடகக்காரர் ஸப்தர் ஹாஷ்மியின் நினைவாக நடந்த விழாவில், மேடையில் வாசித்தபடியே பிடித்த பதிவு. ஆகவே ஒலிப்பதிவு நிலையத்துக்குள் புகுந்து செய்த வகையில் பார்த்தால் 'கந்தீசா'தான் இரண்டாவது.

இரண்டாவது என்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு வித்வானுடைய முதல் கச்சேரியை ஜனங்கள் ஆசீர்வாதம் செய்யும் பாவனையில் கேட்கிறார்கள். பிள்ளைப் பிராயத்திலிருந்து அவர் சேர்த்து வைத்த சரக்கெல்லாம் அன்று அரங்கேறிவிடும். இரண்டாவது கச்சேரியில்தான், "சரி, இன்னும் என்ன வைத்திருக்கிறாய்?" என்று கேட்டுக்கொண்டு சபை உட்கார்ந்திருக்கும். முதல் கதை பிரசுரமான எழுத்தாளனுக்கும், முதல் வருஷம் பாடம் நடத்திய வாத்தியாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். முதல் வருஷம் பானிப்பட்டு யுத்தத்தை நான் நடத்தியபோது வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். இரண்டாம் வருஷம் பாபரையும் என்னையும் ஒருவரும் லட்சியம் செய்யவில்லை. மேடைப் பதிவிலோ கைதட்டலும் சேர்ந்து பதிவாவதால் ஓட்டைகள் அடைபட்டுவிடும். ஒலிப்பதிவு நிலையத்தில் கைதட்ட ஆள் இல்லை. நாலு சுவரும் ஒரு கண்ணாடியுந்தான்.

அந்தச் சோதனையில் இந்த நால்வரும் என்ன செய்தார்கள் என்றால், ஏழே ஏழு பாட்டுகளைப் போட்டார்கள். ஒன்றாவது சினிமாப் பாட்டின் அளவுக்குள் அடங்கவில்லை. ஒன்றிலும் காதலன் காதலியைத் துரத்தவில்லை. 'கௌன்' என்றால் 'யார்?', 'க்யா மாலூம்' என்றால் 'என்ன தெரியும்?'. இவை இரண்டு பாட்டுகளின் பெயர்கள். 'கஜுராஹோ' இன்னொன்று. 'லீவிங் ஹோம்', அதாவது வீட்டை விட்டுக் கிளம்புவது, மற்றொன்று. 'ஹில்லே லே' என்பது போஜ்புரி பாஷையில் கோரக் பாண்டே எழுதிய பாட்டு. உலகத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று நினைத்த புரட்சிக் கவிஞர் அவர், 1989-ல் காலமானார். 'மா ரேவா' நர்மதைக் கரை ஜனங்களின் பாட்டு. கடைசியாகச் சொல்ல வேண்டியது கந்தீசா. இந்த ஏழையும் ஒரு தராசில் நிறுத்திப் பார்த்தால் எல்லாம் ஒரே எடை என்று சொல்லமாட்டேன். இரண்டொன்று எனக்கு நீளமாகவே பட்டது, இன்றும் படுகிறது. ஆனால் கந்தீசாவும் மா ரேவாவும் என் ஆயுசில் பாதிக்கு மேல் கூட வந்துவிட்டன.

மாதச் சாப்பாட்டுப் பணத்தில் கை வைத்து அந்தக் காஸெட்டை வாங்கினேன். அட்டையிலிருந்த பெயரைப் பார்த்ததும், "அட, வடக்கத்தியார்கூட நம் கந்தனைப் பாடியிருக்கிறார்களே!" என்ற பூரிப்புத்தான் வாங்கியதற்குக் காரணம். அறைக்கு வந்து போட்டேன். நர்மதைப் பாட்டு வந்தது, போயிற்று. கந்தீசா ஆரம்பித்தது. ஒரு குரல் எங்கோ தூரத்தில் முனகுவதுபோல் எழுந்தது. பிறகு பல குரல்கள் கூடிக்கொண்டன. தாளம் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. என் அறையில் இருந்த தோழன் கோட்டயத்துக்காரன். கட்டிலில் குப்புறப் படுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவன் பென்சிலைக் கீழே வைத்தான். எழுந்து உட்கார்ந்தான். பாட்டு முடிகிற வரையில் பேசவில்லை. முடிந்த பிறகு, "இதை என் அம்மச்சி அடுக்களையில் பாடுவாள்" என்றான்.

அவன் சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவன். அவன் சொல்லித்தான் விஷயம் விளங்கிற்று. கந்தீசா என்பது சிரியாக் பாஷைச் சொல். சிரியாக் என்பது ஏசுநாதர் பேசிய அரமேய பாஷையின் கிளை. 'பரிசுத்தமானவர்' என்பது அதன் பொருள். கடவுளே பரிசுத்தர், வல்லமையுள்ளவரே பரிசுத்தர், மரணமில்லாதவரே பரிசுத்தர் என்று மூன்று முறை போற்றுகிற பழைய ஜபம் அது. கீழைத் தேசத்துக் கிறிஸ்தவர்கள் எத்தனையோ நூற்றாண்டுகளாகச் சொல்லி வருவது. கேரளத்துக் கோயில்களில் சிரியாக் பாஷையில்தான் பூஜை நடந்து வந்தது. சீரோ மலபார் சபையில் 1962-ல் மலையாளத்தில் பூஜை ஆரம்பித்த பிறகு அந்தப் பாஷை கொஞ்சம் கொஞ்சமாகப் பாட்டிமார்களின் அடுக்களைக்குப் போய்விட்டது. என் தோழனுடைய பாட்டிக்கு அதன் அர்த்தம் தெரியாதாம். ஆனால் ஸ்வரம் தவறாதாம். அந்தப் பாட்டி காலமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அன்றிரவு அவன் அந்தப் பாட்டை எட்டுத் தடவை போடச் சொன்னான். காஸெட்டைப் பின்னுக்குச் சுற்றும் வேலை என்னுடையது.

நான் சரித்திர மாணவன் ஆனபடியால், இதற்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. நூல்நிலையத்துக்குப் போய்த் தேடினேன். தேடியதில் எங்கள் பழைய செங்கல்பட்டு ஜில்லாவே வந்து அகப்பட்டது. பரங்கிமலை அந்த ஜில்லாவில் இருந்ததுதானே? அந்த மலையில் 1547-ல் போர்த்துகீசியர் மாதா கோயில் கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது ஒரு கல் சிலுவை கிடைத்தது. சுற்றிலும் பாரசீகத்துப் பஹ்லவி எழுத்து. சிரியாக் பாஷையில் ஜபம் செய்த பாரசீகக் கிறிஸ்தவர்கள் நம் கடற்கரையில் காலூன்றியிருந்தார்கள் என்பதற்கு அந்தக் கல் சாட்சி. ஆகவே போர்த்துகீசியர் வருவதற்கு வெகு காலம் முன்பே 'கந்தீசா' என்ற சொல் எங்கள் பக்கத்துக் காற்றில் ஒலித்திருக்கக்கூடும் என்று எண்ணினேன். எண்ணுவதற்குக் கட்டணம் இல்லையே!

இன்னொரு விஷயமும் அந்தப் பாட்டால் தெளிந்தது, அல்லது குழம்பிற்று. 1940களில் தமிழிசைக் கிளர்ச்சி பெரிதாக நடந்தது, 1943-ல் தமிழ் இசைச் சங்கம் ஸ்தாபிக்கப்பட்டது எல்லாம் பாடப் புத்தகத்தில் படித்தவன் நான். பாட்டின் பொருள் கேட்கிறவனுக்கு விளங்க வேண்டும் என்பது என் கட்சி. தெலுங்குக் கீர்த்தனத்துக்குக் கண்ணை மூடித் தலையாட்டுகிறவரைக் கண்டால், "அர்த்தம் தெரியுமா?" என்று கேட்டு மடக்குவது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. இப்போது, ஒரு அட்சரம்கூடப் புரியாத சிரியாக் பாட்டுக்கு நானே கண்ணை மூடித் தலையாட்டினேன். என் கட்சியை நான் விட்டுவிடவில்லை. ஆனால் அன்று முதல் யாரையும் மடக்குவதில்லை.

கோடை விடுமுறையில் காஸெட்டோடு ஊருக்கு வந்தேன். எங்கள் பெரியப்பா சங்கீத விஷயத்தில் மகா கண்டிப்பானவர். கோயில் உற்சவத்தில் நாதஸ்வரக்காரர் தோடி வாசிக்கும்போது குறுக்கே ஒரு குழந்தை அழுதால், குழந்தையைப் பெற்றவரோடு ஒரு வருஷம் பேசமாட்டார். அவர் முன்னால் இதைப் போடலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவரே, "என்னடா அது, கையிலே?" என்று கேட்டுவிட்டார். போட்டேன். முழுவதும் கேட்டார். டிரம்ஸ் எழும்பிய இடத்தில் மட்டும் பல் வலி வந்தவர்போல் முகத்தைச் சுளித்தார்.

"சுருதி சேர்ந்திருக்கு" என்றார் கடைசியில். அவரிடமிருந்து இது பொன்னாடைக்குச் சமானம். "யாரைப் பாடுறான்?"

சொன்னேன்.

"பரிசுத்தன்னு அர்த்தமா? அப்போ நம்ம கந்தன்தாண்டா கடல் தாண்டிப் போய்க் கந்தீசன் ஆயிருக்கான்."

அப்படி அல்ல, அந்தச் சொல்லின் வேர் வேறு, ஹீப்ரு, அரபி முதலிய பாஷைகளிலெல்லாம் அந்த வேர் இருக்கிறது, ஜெருசலம் நகரத்துக்கு அரபியில் 'அல்-குத்ஸ்' என்று பெயர், அதுவும் இதே வேர்தான் என்று எடுத்துச் சொன்னேன். பெரியப்பா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அங்கேயெல்லாம் போயிருக்கானா?" என்றார்.

என் தகப்பனார் திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கந்தீசா பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லவுமில்லை. ஏரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நஞ்சை, மேட்டில் கொஞ்சம் வேர்க்கடலை, இவ்வளவே அவருடைய ராஜ்யம். ஆனால் மா ரேவா வந்தபோது, "இது என்ன பாட்டு?" என்று கேட்டார். ரேவா என்பது நர்மதைக்கு இன்னொரு பெயர், அந்தக் கரையிலுள்ள குடியானவர்கள் நதியைத் தாயே என்று கூப்பிட்டுப் பாடுகிற பாட்டு, அவர்களோடு போராட்டத்தில் இருந்தபோது ராகுல் ராம் அதைக் கற்றுக்கொண்டு வந்தார் என்று சொன்னேன். அந்தத் தாயின்மேல் பெரிய அணை எழும்புவதையும், கரையோரத்து ஊர்கள் முழுகப் போவதையும் சொன்னேன். இந்தக் காஸெட் வெளிவந்த அதே 2000-ஆம் வருஷம், அக்டோபர் 18-ந் தேதி, ஸர்தார் சரோவர் அணையைத் தொடர்ந்து கட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்புச் சொல்லியிருந்தது. 1961-ல் நேரு அஸ்திவாரக் கல் நாட்டிய அணை 138.68 மீட்டர் உயரத்துக்கு எழும்பி, 2017 செப்டம்பரில் நாட்டுக்கு அர்ப்பணம் செய்யப்பட்டது. அப்பா அதுவரையில் இருக்கவில்லை.

"முழுகப் போறவங்க பாடுற மாதிரி இல்லையே, கல்யாணத்துக்குப் போறவங்க பாடுற மாதிரி இல்ல இருக்கு?" என்றார் அவர்.

வாஸ்தவம். அந்தப் பாட்டில் அழுகை இல்லை. கிதார் துள்ளிக்கொண்டு போகும். தபலாவும் டிரம்ஸும் ஒன்றையொன்று முந்தப் பார்க்கும். அழாமல் பாடுவதனால்தான் கேட்பவனுக்குத் தொண்டையை அடைக்கிறது என்று நான் பெரிய ரஸிகனைப்போல் விளக்கம் சொன்னேன். அதற்குப் பிறகு நான் ஊருக்கு வரும்போதெல்லாம், "அந்த ஆத்துப் பாட்டைப் போடு" என்பார்.

இதுவரையில் எழுதியது சுலபமாக வந்தது. இனி எழுத வேண்டியதுதான் கஷ்டம்.

படித்து முடித்து, ஆசிரியர் வேலை கிடைத்து, எங்கள் பக்கத்துக்கே வந்து சேர்ந்தேன். 2010-ஆம் வருஷத்தை ஒட்டி ஒரு செய்தி அடிபடலாயிற்று. செய்யூரில் 4,000 மெகாவாட் அனல் மின் நிலையம் வரப்போகிறது, வெளிநாட்டு நிலக்கரியைப் பனையூர்க் கடற்கரையில் கப்பலிலிருந்து இறக்கப் போகிறார்கள், அதற்காக நிலம் எடுக்கப் போகிறார்கள் என்று சொன்னார்கள். 2013-ல் சுற்றுச்சூழல் அநுமதியும் கொடுக்கப்பட்டது. எங்கள் பக்கத்து நிலவரம் நேயர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மேற்கே ஏரிகள்; ஒரு ஏரி நிறைந்து வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும் வாய்க்கால்கள். கிழக்கே உப்பங்கழி, அதன் ஓரத்தில் உப்பளங்கள். கோடையில் பாத்திகளில் உப்புக் கட்டி வெயிலில் கண்ணைப் பறிக்கும். மழைக்காலம் முடிந்தால் கழியில் பூநாரைகள் வந்து நிற்கும். அப்பால் மீனவர் குப்பங்கள், அப்பால் கடல். மேட்டில் பெய்த மழை கடலுக்குப் போகும் வழியில் எல்லாருக்கும் ஒரு வாய் கொடுத்துவிட்டுப் போகிற ஏற்பாடு இது. நடுவில் ஒரு சாம்பல் மேட்டை வைத்தால் எந்த வாய் அடைபடும் என்பது படத்தில் தெரியாது.

மறு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. அந்த வருஷங்களில் தமிழ்நாட்டில் மின்வெட்டு என்பது ராக்ஷஸனைப்போல் இருந்தது. என் மாணாக்கர்கள் பொதுப் பரீட்சைக்கு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்தார்கள். மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

ஒரு நாள் மாலை ஏரிக்கரை அரசமரத்தடியில் ஊரார் கூடினார்கள். உத்தியோகஸ்தர் யாரும் இல்லை. எங்கள் ஜனங்கள் மட்டுந்தான். குப்பத்திலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். பலர் பேசினார்கள். திடீரென்று என் தகப்பனார் எழுந்து நின்றார். என் கல்யாணத்தில்கூட இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசாதவர்.

"படம் போட்டவங்க இந்த ஏரிக்குத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு பார்த்தாங்களா? வாய்க்கால் எந்த வழியா போவுதுன்னு எனக்குத் தெரியும். என்னைக் கூப்பிடட்டும், நடந்து காட்டறேன்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பிறகு ஒருவர் என் பக்கம் திரும்பினார். "வாத்தியாரே, நீங்க படிச்சவங்க. ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

எனக்கு அரசாங்க ஊழியர் நடத்தை விதிகள் ஞாபகத்துக்கு வந்தன. மனையின்மேல் வாங்கியிருந்த கடன் ஞாபகத்துக்கு வந்தது. பத்து வருஷமாக நான் கண் கலங்கக் கேட்டுவந்த ஆற்றுப் பாட்டு மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. எழுந்து, "மின்சாரமும் வேண்டும், நிலமும் வேண்டும், இரண்டு பக்கத்தையும் யோசித்துப் பார்க்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஒருவரும் மறுக்கவில்லை. மறுப்பதற்கு அதில் என்ன இருந்தது? மௌனமாக இருந்திருந்தாலாவது, "வாத்தியாருக்குத் தொண்டை சரியில்லை போலிருக்கிறது" என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். வழியில் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்ட பிறகு, "அந்த ஆத்துப் பாட்டைப் போடேன்" என்றார். குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அந்த வித்தை அவருக்குத் தெரியாது. காஸெட் தேய்ந்துவிட்டது, ஓடாது என்றேன். அது பொய். மறு வருஷம் உண்மையாகவே தேய்ந்து, நாடா சுருண்டு, பென்சிலால் எத்தனை சுற்றியும் சரியாகவில்லை. அப்பா 2016-ல் காலமானார். அந்தப் பாட்டை அவருக்கு மறுபடி போடவே இல்லை.

மின் நிலையம் வரவில்லை. டெண்டர் என்றார்கள், பிறகு ரத்து என்றார்கள். அது கட்டப்படவே இல்லை. குடியானவர்களும் மீனவர்களும் விடாமல் எதிர்த்தார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள். அந்தப் புண்ணியத்தில் எனக்குப் பங்கு கிடையாது. வாய்க்காலில் தண்ணீர் போகும்போது நான் கொஞ்சம் தள்ளித்தான் நடக்கிறேன்.

அந்தக் கோஷ்டியையும் காலம் விட்டுவைக்கவில்லை. அஸீம் சக்ரவர்த்தி 2009 டிசம்பர் 25-ந் தேதி மாரடைப்பால் காலமானார். கிறிஸ்துமஸ் தினத்தில்! கந்தீசா பாடிய குரலுக்கு அந்த நாளா வாய்க்க வேண்டும் என்று கோட்டயத்துத் தோழன் எனக்கு எழுதியிருந்தான். அவர் காலமான பிறகு 2010-ல் வந்த இசைத்தட்டின் பாட்டுகளை, வேண்டியவர்கள் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அதன் பெயர் '16/330 கஜூர் ரோடு'. டில்லியில் அவர்கள் வருஷக்கணக்காகப் பழகி வந்த பழைய பங்களாவின் விலாசந்தான் அது. இவர்களுடைய கதையை 'லீவிங் ஹோம்' என்ற பெயரிலேயே ஜெய்தீப் வர்மா ஒரு படமாக எடுத்தார். சுஸ்மித் சென் 2013-ல் விலகிக்கொண்டார். ராகுல் ராமும் அமித் கிலாமும் வேறு துணைவர்களைச் சேர்த்துக்கொண்டு கோஷ்டியை நடத்தினார்கள். புதிய குரல்களில் கந்தீசாவைக் கேட்டிருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு அந்தத் தரையில் உட்கார்ந்தவரின் குரல்தான் வேண்டியிருக்கிறது. இது விமரிசனம் அல்ல, பழக்க தோஷம்.

பையனை நிற்க வைத்துவிட்டு எங்கேயோ போய்விட்டேன். அவனுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. கந்தீசா என்றால் பரிசுத்தர் என்று அர்த்தம், ஏசுநாதர் பேசிய பாஷையைச் சேர்ந்தது, கேரளத்துப் பாட்டிமார்கள் பாடியது என்று மட்டும் சொன்னேன். அவன் ஏமாற்றமடைந்ததாகத் தெரியவில்லை. மேஜை விளிம்பில் விரலால் தாளம் போட ஆரம்பித்தான். அவன் வீட்டார் பறை அடிக்கிறவர்கள். தாளம் துல்லியமாக விழுந்தது.

அதற்குள் கந்தீசா முடிந்து, கைப்பேசி தானாகவே அடுத்த பாட்டுக்குப் போய்விட்டது. நிறுத்தக் கை நீட்டினேன்.

"இருக்கட்டும் சார். இது என்ன பாட்டு?"

ஆற்றுப் பாட்டு என்றேன். நர்மதையைச் சொன்னேன். நர்மதையைச் சொன்னால் நம் ஏரியையும் சொல்ல வேண்டியிருந்தது. அரசமரத்தடிக் கூட்டத்தைச் சொன்னேன். அப்போது இவன் கைக்குழந்தையாகக்கூட இருந்திருக்க மாட்டான். அப்பா வாய்க்காலை நடந்து காட்டுகிறேன் என்று சொன்னதைச் சொன்னேன்.

"உங்க அப்பாவா சார்! நீங்க என்ன பேசினீங்க?"

பொய் சொல்வதற்கு நல்ல சந்தர்ப்பம். காஸெட் தேய்ந்துவிட்டது என்று ஒரு முறை சொன்னவனுக்கு இரண்டாம் முறை வரவில்லை. நான் பேசிய வாக்கியத்தை அப்படியே ஒப்பித்தேன். அவன் தாளத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் யோசித்தான். மேஜைமேல் கிடந்த விடைத்தாள்களைப் பார்த்தான்.

"பரீட்சையிலே இப்படி எழுதினா நீங்க எத்தனை மார்க் போடுவீங்க சார்?"

எட்டு மார்க் கேள்வியானால் இரண்டு போடுவேன் என்றேன்.

ஒன்று போதும் என்று அவன் அபிப்பிராயப்பட்டான்.